பாலாற்றைப் பற்றி ஒரு பிரெஞ்சு வாக்கியம்

போன வருஷம், பிரெஞ்சு இணையக் கலைக்களஞ்சியத்தில் எங்கள் ஊரைப் பற்றி இருக்கும் கட்டுரையிலிருந்து பாலாற்றைப் பற்றிய ஒரு வாக்கியத்தை நீக்கினேன். அது உண்மை என்று தெரிந்தேதான் நீக்கினேன்.

எங்கள் ஊர் வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவில் இருக்கிறது. அங்கே தோல் பதனிடும் ஒரு டேனரியின் ஏற்றுமதிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஷூவுக்கு உள்பக்கம் வைத்துத் தைக்கும் ஆட்டுத்தோலை பிரான்சுக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். அங்கிருந்து வரும் கடிதங்களுக்குப் பதில் எழுதுவது என் வேலை. கல்லூரியில் இரண்டாம் மொழியாக எடுத்த பிரெஞ்சு இப்படிச் சோறு போட்டது. ஓய்வு பெற்றதும் அந்த மொழிக்கு வேலை இல்லாமல் போயிற்று. எங்கள் ஊரில் உருது பேசலாம், தெலுங்கு பேசலாம். பிரெஞ்சை யாரிடம் பேசுவது?

அந்த நாட்களில்தான், சம்பளம் வாங்காதவர்கள் கூடி இணையத்தில் எழுதும் பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தைக் கண்டேன். தோல் பதனிடுவது பற்றிய கட்டுரையில், எங்கள் பக்கம் அதற்குப் பயன்படுத்தும் ஆவாரம்பட்டைக்கு ஒரு வரி கூட இல்லை. கணக்கு ஒன்று தொடங்கி ஒரு பத்தி எழுதினேன். மறுநாள் காலை பார்த்தால் யாரோ அதைத் திருத்தியிருந்தார்கள். நான் எழுதியது வியாபாரக் கடிதத்தின் பிரெஞ்சு, 'தங்கள் மேலான கவனத்துக்கு' என்கிற ரகம். அது மனிதர்கள் படிக்கக்கூடிய பிரெஞ்சாக மாறியிருந்தது. கூடவே ஒரு குறிப்பு: 'நல்வரவு. இந்தப் பட்டையைப் பற்றி இங்கே எங்களுக்குத் தெரியாது. இன்னும் எழுது.'

'எழுது' என்றே இருந்தது. கிழவனானாலும் கல்லூரி மாணவியானாலும் அங்கே ஒருவரையொருவர் 'நீ' என்றுதான் அழைப்பார்கள். முதலில் சுருக்கென்றது. பிறகு அந்த 'நீ'க்காகவே காலையில் காபி டம்ளரோடு கணினி முன் உட்கார்ந்து, ஆவாரம்பட்டைக்கென்றே ஒரு தனிக் கட்டுரை எழுத ஆரம்பித்தேன். குறிப்பு எழுதியவர் பிரான்சின் மேற்குக் கடற்கரையில் வாழும் ஓய்வுபெற்ற செவிலியர். குழந்தைக்கு வலிக்காமல் ஊசி போடுவது போல என் பிழைகளைத் திருத்துவார். அவர் முகத்தை நான் பார்த்ததில்லை. என் முதுமையில் எனக்குக் கிடைத்த பெரிய தோழமை அவரும் அவரைப் போன்றவர்களும்தான்.

அப்படி இருக்கையில் ஒருநாள் எங்கள் ஊர்க் கட்டுரையில் யாரோ ஒரு வாக்கியம் சேர்த்தார்கள். டேனரிக் கழிவால் பாலாற்றுக் கரையில் நிலத்தடி நீர் குடிக்க முடியாமல் போய்விட்டது என்று. ஆதாரமாக ஒரு செய்தித்தாள் கட்டுரை. படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் வீடு, மகளின் படிப்பு, கல்யாணம் எல்லாம் தோலில் வந்தவை. வெளியூர்க்காரன் முன்னால் நம் ஊரை இப்படி நிறுத்த வேண்டுமா என்று தோன்றியது. 'ஆதாரம் போதாது' என்று காரணம் எழுதி நீக்கினேன். யாரோ திரும்பச் சேர்த்தார்கள். மறுபடியும் நீக்கினேன்.

அடுத்த நாள், மற்றவர்கள் எனக்குச் செய்தி எழுதும் என் பேச்சுப் பக்கத்தில் செவிலியரின் செய்தி இருந்தது.

'நீ அந்த ஊரில் வாழ்கிறாய். எங்களிடம் இருப்பது ஒரு செய்தித்தாள் மட்டும். அதில் இருப்பது பொய்யா? பொய் என்றால் சொல், அதற்கான ஆதாரத்தை நானும் சேர்ந்து தேடுகிறேன்.'

திட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். இதற்கு என்ன எழுதுவது? பொய் என்று எழுதினால் அவர் நம்பிவிடுவார். உண்மை என்று எழுதினால், நான் அங்கே ஏமாற்றினேன் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். வெளியேற்றுவார்கள். அந்தக் காலைகள் போய்விடும்.

"என்னங்க, அப்படியே உக்காந்துட்டீங்க? காபி ஆறிப்போச்சு," என்றாள் மனைவி.

விஷயத்தைச் சொன்னேன். "பொய்யான்னு கேக்கறாங்க."

"அவ்ளோதானா? இருங்க, நம்ம போர்த் தண்ணி ஒரு சொம்பு கொண்டாரேன். குடிச்சிட்டு பதில் எழுதுங்க."

"கிண்டல் பண்ணாதே."

"நான் ஏன் பண்றேன்? சமையலுக்குக் கூட கேன் தண்ணி தூக்கிட்டு வர்றது நீங்கதானே? இடுப்பு பேஜாரா இருக்குன்னு தைலம் தேய்க்கச் சொல்றதும் நீங்கதான்."

அன்றே எழுதினேன். வாக்கியம் உண்மை. நான் அந்தத் தொழிலில் சம்பளம் வாங்கியவன். வெட்கத்தால் நீக்கினேன். இனி அந்தக் கட்டுரையைத் தொடமாட்டேன். மன்னியுங்கள். எழுதிவிட்டு, இதுதான் அங்கே என் கடைசி எழுத்து என்று நினைத்துக்கொண்டேன்.

பதில் மாலைக்குள் வந்தது. 'நன்றி. வாக்கியத்தைத் திரும்பச் சேர்த்துவிட்டேன். உன் பயனர் பக்கத்தில் இந்தத் தொழிலோடு உனக்கிருந்த தொடர்பை எழுதி வை, அதுதான் இங்கே வழக்கம். அந்தக் கட்டுரையில் எதுவும் மாற்ற வேண்டுமென்றால் அதன் பேச்சுப் பக்கத்தில் சொல், நாங்கள் பார்த்துச் செய்கிறோம். ஆவாரம்பட்டைக் கட்டுரையைப் பாதியில் விட்டிருக்கிறாயே, அதை எப்போது முடிப்பாய்?'

படித்துவிட்டு வெகுநேரம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பொது நிலையங்களும் இங்கே உண்டு என்று ஆதாரத்தோடு பேச்சுப் பக்கத்தில் சொன்னேன். சரிபார்த்துச் சேர்த்தார்கள். ஆற்றுக்குப் படம் இல்லை, முடிந்தால் எடுத்துப் போடு என்று ஒருவர் கேட்டார். ஆட்டோ பிடித்துப் பாலத்துக்குப் போனேன். கீழே மணலும் சீமைக் கருவேலமும். ஓரமாகக் கறுத்த தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கைபேசியை நீட்டினேன்.

"இன்னா சார், சாக்கடையப் போய் போட்டோ எடுக்கறீங்க? யாருக்கு?" என்றார் ஆட்டோக்காரர்.

"பிரெஞ்சுக்காரங்களுக்கு."

"ஷூ வாங்கறவங்கதானே? நல்லாத் தெரியற மாதிரி எடுங்க சார். இப்டி வாங்க, இங்கேர்ந்து எடுத்தா ஜாஸ்தி தெரியும்."

அவர் காட்டிய இடத்தில் நின்று எடுத்ததுதான் இப்போது அந்த வாக்கியத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. படம் கோணலாக வந்திருந்தது. செவிலியர் அதை நிமிர்த்திப் போட்டார். கட்டுரையின் எல்லா மாற்றங்களும் பதிவாகும் வரலாற்றுப் பக்கத்தில் நான் வாக்கியத்தை நீக்கியதும் இருக்கிறது. அங்கே எதையும் மறைப்பதில்லை. தேடிப் பார்ப்பவர்கள் என்னை அங்கேயும் காணலாம். பார்க்கட்டும்.

ஆவாரம்பட்டைக் கட்டுரையை இந்த மாதம் முடித்தேன்.