சம்பளத்தோடு ஒரு ஞாயிறு

2004 ஜனவரி 11, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு நாற்பது. பனி இறங்கி மலையின் பாதிதான் தெரிந்தது. திருவண்ணாமலையில், செங்கம் சாலையை ஒட்டிய என் வீட்டு மாடியில் நின்றிருந்தேன். எதிர் விடுதியின் வாசலைப் பச்சையம்மாள் பெருக்கிக்கொண்டிருந்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் என் வீட்டில் வேலை செய்பவள். முந்தின வாரம்தான் அவளுக்கு ஞாயிறுதோறும் சம்பளத்தோடு விடுமுறை என்று சொல்லியிருந்தேன்.

இது ஏன் என்னை அப்படிச் சுட்டது என்று ஊரில் இருப்பவர்களுக்கு விளங்க, ஜெர்மனியைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1989இல், நாற்பத்தொன்பது வயதில், ஸ்டுட்கார்ட் பக்கம் ஒரு தொழிற்சாலைக்குப் போனேன். பெட்டிக்கு இருநூறு திருகாணி எண்ணிப் போடும் வேலை. முதல் ஞாயிறு, சாமி படம் மாட்ட ஆணி அடித்தேன். மூன்றாவது அடிக்குக் கீழ்வீட்டு அம்மாள் கதவைத் தட்டி, "சோன்டாக்! சோன்டாக்!" என்றாள். அவள் பெயர் போலிருக்கிறது என்று நானும் என் பெயரைச் சொன்னேன். இன்று ஞாயிறு, சத்தம் போட்டு வேலை செய்யாதே என்கிறாள் என்பது மறுநாள்தான் தெரிந்தது. அதைவிட அதிசயம் உர்லாவுப். வருடத்துக்கு முப்பது நாள் சும்மா இருக்கச் சம்பளம். எனக்கு வேண்டாம் என்றேன், மெச்சிக்கொள்வார்கள் என்று. மேற்பார்வையாளர் முறைத்தார். "உடம்பு தேறி வந்தால்தானே ஒழுங்காக எண்ணுவாய்?" அது அக்கறையா கணக்கா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

பதினான்கு வருடத்தில் நானூற்று இருபது நாள். அத்தனை நாளும் ஊருக்கு வந்து இந்த வீட்டோடுதான் மல்லுக்கட்டினேன். மணல் சுமந்தேன், சுவருக்குத் தண்ணீர் விட்டேன், ஆள்கூலி மிச்சம். கீழே இரண்டு அறைகளை வெளிநாட்டவர்களுக்கு வாடகைக்கு விட்டேன். நாள் முழுக்கக் கண்ணை மூடி அசையாமல் உட்காரக் காசு கொடுத்துத் தங்குகிறவர்கள் அவர்கள். அவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் பச்சையம்மாள் சத்தம் வராமல் பெருக்குவாள். நான் இல்லாத மாதங்களில் சாவியும் அவளிடம்தான். சம்பளம் மாதம் தொள்ளாயிரம். பதினோரு வருடமாக ஒருநாள் விடுமுறை இல்லை. ஒரு மத்தியானம் அவள் படியில் சாய்ந்து கண் அயர்ந்ததைப் பார்த்து, சோம்பேறி என்று முணுமுணுத்திருக்கிறேன். ஓய்வு பெற்று, உட்கார்ந்த இடத்தில் பென்ஷன் வரத் தொடங்கிய பிறகுதான் அது உறுத்தியது. அதனால்தான் அந்த ஞாயிறு.

இறங்கிப் போனேன். கோபத்தோடுதான்.

"எதுக்கும்மா லீவு குடுத்தேன்? ஓய்வெடுக்கத்தானே?"

"ஓய்வெடுத்தா இன்னா சார் கிடைக்கும்? இங்க நாப்பது ரூபா தராங்க."

"அந்த நாப்பதையும் நானே தரேன். வீட்டுக்குப் போய்ப் படு."

அவள் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு சிரித்தாள். "தூங்கறதுக்குக் கூலியா! நான் தூங்கறனானு வந்து எட்டிப் பாப்பீங்களா சார்?"

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"முட்டி வலி ஜாஸ்தி ஆயிடுச்சு சார். படுக்கணும்னு எனக்கு மட்டும் ஆசை இல்லையா? தொள்ளாயிரத்துல முடியல. சம்பளத்த ஏத்திக் குடுங்க. படுக்கறதா, கோயிலுக்குப் போறதா, இங்க வந்து பெருக்கறதா, அத நான் பாத்துக்கறேன்."

விடுமுறையில் நான் மணல் சுமந்தபோது யாரும் மாடியில் நின்று என்னைப் பார்க்கவில்லை. நானோ அவள் உழைப்பைக் குறைந்த விலைக்கு வாங்கியது போதாமல், ஓய்வையும் விலைபேசப் போயிருக்கிறேன்.

சம்பளத்தை ஆயிரத்து ஐநூறாக்கிவிட்டு, இன்னும் பாதி வருடம் இருக்கும் ஜெர்மனிக்கு விமானம் ஏறினேன். இன்று ஸ்டுட்கார்ட்டில் ஞாயிறு. தெருவில் ஒரு சத்தம் இல்லை. அன்று பாதி இறங்கிய ஆணியில் சாமி படம் இன்னும் சாய்ந்தே தொங்குகிறது. இங்கே காலை மணி ஒன்பது, அங்கே மத்தியானம் ஒன்றரை. உடம்பு இங்கே படுத்திருக்கிறது. காது அங்கே துடைப்பச் சத்தத்தைத் தேடுகிறது. படுத்திருக்கிறாளா, பெருக்குகிறாளா? போன் போட்டுக் கேட்கலாம். கேட்பதில்லை. அப்படிக் கேட்காமல் இருக்க எனக்கு ஆகும் செலவு, இங்கே ஒருமுறை முடிவெட்டிக்கொள்ளும் காசு: மாதம் கூட்டிக் கொடுக்கும் அறுநூறு ரூபாய்.