விடை சொல்லாத பாடம்

ஆபீஸில் அவளுக்குக் கேள்விக்காரி என்று பெயர். மூன்றாம் வகுப்பு அறிவியலை டேப்லெட்டில் விளையாட்டாகச் செய்யும் சின்னக் குழுவுக்கு அவள்தான் தலை. அவள் செய்யும் பாடத்தில் விடை வராது. கல்லையோ மரத்துண்டையோ விரலால் இழுத்துத் தண்ணீரில் போடும் முன், "மூழ்குமா? நீ என்ன நினைக்கிற?" என்று திரை கேட்கும். போட்டுப் பார்த்த பிறகு, "எதை வச்சு அப்படிச் சொல்ற?" என்று கேட்கும். அதோடு சரி.

"பாவம் மேடம், கடைசியிலயாவது விடையைச் சொல்லிடலாமே," என்று படம் வரைகிறவன் கெஞ்சுவான்.

"சொல்லிட்டா அப்புறம் பிள்ளைங்க எதுக்கு யோசிக்கணும்?" பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

புதுப் பாடத்தை முதலில் ஆடிப் பார்ப்பது அவள் மகள். எட்டு வயதுதான், பேச்சு எட்டு ஊருக்குக் கேட்கும். அப்பா ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு, அவர் கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துதான் மகள் ஆடினாள். டாக்டர் கையை விரித்துவிட்டதை மகளிடம் சொல்ல அம்மாவுக்கு நா எழவில்லை. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா? தெரிந்துதான் மூடிக்கொண்டிருந்தாள், பாவி.

ஒரு மதியம் ஆஸ்பத்திரி வராந்தாவில் மகள் கேட்டேவிட்டாள். "அம்மா, அப்பா எப்பம்மா வீட்டுக்கு வருவாரு?"

பாழாய்ப்போன தொழில் பழக்கம் முந்திக்கொண்டது. "நீ என்ன நினைக்கிற கண்ணு?"

மகள் டேப்லெட்டை மடியில் கவிழ்த்து வைத்தாள். "முதல்ல வந்தப்ப தானா எழுந்து உக்காந்தாரு. அப்புறம் நர்ஸ் அக்கா பிடிச்சு உக்கார வச்சாங்க. இப்ப உக்காரவே இல்ல. நேத்து ஜோக் சொன்னேன், சிரிக்கல. அவரு செருப்பை நீ வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்ட. அதனால வரமாட்டாருன்னு நினைக்கிறேன்."

எந்தப் பிள்ளையும் அவளுக்கு இத்தனை ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை.

மகள் அவள் கையைப் பிடித்து உலுக்கினாள். "தப்புன்னு சொல்லும்மா. சொல்லேன்."

ஒரு பொய் தொண்டை வரை வந்து நின்றது. விழுங்கினாள்.

"நீ சொன்னது சரிதான் கண்ணு."

மகள் அழவில்லை. டேப்லெட்டை அம்மா கையில் கொடுத்துவிட்டு எழுந்தாள். "அப்ப நான் நாளைக்கு ஸ்கூலுக்குப் போகல. அப்பாகிட்டயே இருக்கேன்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.