கால்வாயில் கட்டிய வலை

ஆரம்பாக்கத்துக்குக் கிழக்கே அங்காளம்மாளுக்கு அரை ஏக்கர் நிலம். ஊர் ஏரியிலிருந்து வரும் கால்வாயில் கடைசி வயல் அவளுடையது. மேலே உள்ளவர்கள் பாய்ச்சியது போக மிச்சம்தான் அவளுக்கு. அந்த மிச்சத்தையும் ஆகாயத்தாமரை மறித்துக்கொண்டது. பெயரைக் கேட்டால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். குணமோ, இன்று ஒன்றைப் பிடுங்கினால் நாளை இரண்டு வந்து நிற்கும்.

போன ஐப்பசியில் ஒரு யோசனை சொன்னாள். வெள்ளம் ஓடும்போதே செடியைக் கழியால் தள்ளிவிட்டால், கால்வாய் போய்ச் சேரும் பழவேற்காட்டு ஏரிக்குப் போய் உப்புத் தண்ணீரில் கருகிவிடும். கோடையில் அப்படிக் கருகியதை அவளே பார்த்திருக்கிறாள். ஊரும் தலையாட்டியது, தள்ளியது. மழைக்காலத்தில் அந்த ஏரியில் உப்பு குறைந்துவிடும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. செடி சாகவில்லை, நேராகப் போய் மீனவர்களின் வலையைச் சுற்றிக்கொண்டது.

மார்கழியில் மழை நின்றது. கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் வயல் வெடித்தது. கால்வாயை மறுபடி செடி மூடியிருந்தது. தண்ணீர் வராவிட்டால் அந்த வருஷம் அவள் வீட்டில் சொந்த அரிசி இல்லை. செடி மறித்துத் தேங்கிய இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒற்றை ஆளாய்ப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது, வலை கிழிந்த மீனவர் சந்தியாகு வந்து சேர்ந்தார்.

"செடிய தள்ளிவுட சொன்னது யாரு?"

"நான்தாண்ணா. உப்புல செத்துடும்னு நெனச்சேன். தப்புதான்."

நன்றாகத் திட்டினார். அவளும் தலைகுனிந்து வாங்கிக்கொண்டாள். பிறகுதான் அவர் கண் வயல் பக்கம் போனது.

"இன்னாமா, பயிரு இப்டி கீது?" என்றவர் பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார்.

மறுநாள் காலையில் சைக்கிளில் ஒரு வலையோடு வந்தார். அவள் வயலுக்கு மேலே, கால்வாயின் இரு கரையிலும் கழி ஊன்றி, வலையை ஒரு முழ ஆழத்துக்கு மட்டும் தொங்கவிட்டார். மிதந்து வந்த செடி வலையில் நின்றது; தண்ணீர் அடியில் ஓடியது.

"புடுங்குனத கரையோரம் போடாத. வழுக்கி மறுபடி உள்ள எறங்கும். மேட்டுல போட்டு காய வுடு."

வலைக்குக் கீழே இருந்த செடியைப் பிடுங்கி முடித்ததும், மதியம் தண்ணீர் வயலுக்குள் நுழைந்தது. அங்காளம்மாள் வரப்பில் நின்று வாய்விட்டு அழுதாள்.

"சாமி மாரி வந்தீங்கண்ணா."

"அது இருக்கட்டும். இன்னொரு தபா எங்க பக்கம் தள்ளிவுடாத."

தை அறுவடைவரை வலை அங்கேயே இருந்தது. அவள் தினமும் அதில் சேர்ந்த செடியை வாரி மேட்டில் போட்டாள். நெல் நன்றாகவே விளைந்தது. வலையை அலசி மடித்து, புது அரிசியும் எடுத்துக்கொண்டு சந்தியாகு வீட்டுக்குப் போனாள். அவர் மனைவி ரோசிதான் இருந்தாள்.

"அண்ணன் இல்லியா?"

"வேற ஒருத்தர் படகுல கூலிக்குப் போயிருக்காரு. இருந்ததே ரெண்டு வலை. ஒண்ணு கிழிஞ்சிடுச்சி, இன்னொண்ணு உங்க கால்வாயில இருந்துச்சி."

வாயால் சொல்லித் தீர்கிற நன்றியா இது? கிழிந்த வலை எங்கே என்று அங்காளம்மாள் கேட்டாள். ரோசி காட்டிய மூலையில் அது காய்ந்த வேரும் தண்டுமாகக் கிடந்தது. அரிசியை இறக்கி வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து, வலைக்கண்ணில் சிக்கியிருந்த வேர்களை ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்கினாள்.