கை தூக்குவதற்கு முந்திய ஞாயிறு

நான் இருந்தேன். மனைவி இருந்தாள். உணவு அடைக்கும் தகரப்பேணிகள் செய்யும் தொழிற்சாலையில் என்னோடு ஒரே மிசினில் நின்ற அண்ணை இருந்தார். கடைசியாக மனைவியின் சித்தி மகள் வந்தாள். லூயிஷாமில் எங்கள் குசினியில் மத்தியானச் சாப்பாடு. தொண்ணூறுகளின் தொடக்கம்.

சித்தி மகள் சரித்திரம் படித்தவள். அமெரிக்காவில் இரும்பாலைகள் மூடிய ஊர்களில் வருஷக்கணக்காகத் திரிந்து ஆராய்ச்சி செய்தவள். அரசாங்கம் மேலே எடுத்த முடிவு ஒரு வீட்டின் அடுப்படிவரை எப்படி வந்து சேர்ந்தது என்று பார்ப்பதுதான் அவளுடைய வேலை. இதுவும் ஒரு படிப்போ என்று முன்பு நினைத்திருக்கிறேன்.

எங்கள் தொழிற்சாலையில் சம்பளத்தைக் குறைக்கக் கேட்டிருந்தார்கள். சம்மதித்தால் மூடமாட்டார்களாம். சம்மதமா இல்லையா என்று செவ்வாய்க்கிழமை நாங்கள் நூற்று நாற்பது பேரும் கை தூக்கிச் சொல்ல வேண்டும். வீட்டுக் கடன் கழுத்தில் இருந்தது. நான் சம்மதிக்கத்தான் இருந்தேன்.

அண்ணை சோற்றைப் பிசைந்தபடி பகிடி விட்டார்.

"எங்கட வயித்துக்குத்துக்கு அமெரிக்காவில மருந்தோ, பிள்ளை?"

அவள் சிரித்தாள். முதலாளி சொன்னதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மிசினுக்குக் கடைசியாக எப்போது உதிரிச் சாமான் வாங்கினார்கள் என்று கேட்டாள். பழுதானதைத் திருத்துகிறார்களா, அதில் கழற்றி மற்றதில் போடுகிறார்களா என்றாள்.

கழற்றித்தான் போட்டோம். நாங்களேதான் கழற்றினோம். சிக்கனம் என்று நினைத்தோம். அண்ணைக்கு அதில் பெருமைகூட.

அங்கேயும் அப்படித்தான் தொடங்கியதாம். சாமான் வாங்குவதை நிறுத்தும்போதே மூடுவதென்று முடிவெடுத்திருந்தார்களாம். சம்பளத்தைக் குறைக்கச் சம்மதித்தார்களாம். பிறகும் மூடினார்களாம். வேலையால் அனுப்பும்போது கொடுத்த காசையும் குறைந்த சம்பளத்தை வைத்துக் கணக்குப் பார்த்தார்களாம்.

அப்படியென்றால் நாங்கள் என்ன செய்வது என்று கேட்டேன்.

"அதை நான் சொல்லேலாது, அத்தான். அங்க நடந்ததைத்தான் சொல்லுவன். வேலைக்குப் போறது நீங்கள்."

அந்தப் பதில் எனக்குப் பிடித்தது. படித்தவர்கள் பலர் எனக்கு வழி சொல்லியிருக்கிறார்கள். தெரிந்ததோடு நிறுத்தியவள் இவள் ஒருத்திதான்.

திங்கட்கிழமை அண்ணை மிசின் மிசினாகப் போய், அவள் சொன்னதைச் சொன்னார். ஒரு சொல் கூட்டவில்லை.

அடுத்த வருஷம் மூடத்தான் மூடினார்கள். ஆனால் குறைக்காத பழைய சம்பளத்தில் கணக்கு முடித்தார்கள். வீடு தப்பியது.

அந்தச் செவ்வாய் பின்னேரம், கைகளை எண்ணி முடிந்ததும், தெருமுனைப் பெட்டியிலிருந்து அவளுக்குப் போன் எடுத்தேன்.

"ஏலாது எண்டு எத்தினை கை, அத்தான்?"

என்னுடையதோடு நூற்றுப் பதினேழு.