மீசையே முள்ளான வாட்ச்

இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

தொண்ணூறுகளில் மைசூரில் ஒரு வாட்ச் கம்பெனியில் டிசைனராக இருந்தேன். தமிழ் சினிமாக் கதாநாயகர் ஒருவரின் ரசிகர்களுக்காகத் தங்கக் கேஸில் ஒரு வாட்ச் செய்ய முடிவானது. டயல்தான் அவர் முகம். என் டிசைனில் முள்ளே கிடையாது. அவருடைய கறுப்புக் கண்ணாடியின் இடது வட்டத்தில் மணியும் வலது வட்டத்தில் நிமிடமும் சின்ன டிஸ்க்கில் சுற்றி வரும். முறுக்கு மீசை எனாமலில் தீட்டியது, அசையாது. அந்த டிஸ்க்குகள் சிக்காமல் ஓட நாய் படாத பாடு பட்டேன்.

மார்க்கெட்டிங் மேனேஜர் பார்த்தார். "டிஸ்க் எல்லாம் எதுக்கும்மா? முள்ளையே மீசையா வெச்சுடு. செம ஸ்டைலா இருக்கும்."

"சார், முள்ளு சுத்துமே. மீசையும் கூடவே சுத்துமே!"

"சும்மனிரம்மா" என்று கன்னடத்தில் என் வாயை அடைத்தார். "சொன்னதைச் செய்."

செய்தேன். சம்பளம் வாங்குகிறவள் வேறென்ன செய்வாள்?

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பார்வைக்கு வைக்கும் வாட்ச் எதுவானாலும் பக்கவாட்டுத் திருகான கிரவுனை இழுத்து, பத்து மணி பத்து நிமிடத்தில் நிறுத்தி வைப்பார்கள். முள் இரண்டும் மேல்நோக்கி விரிந்து லட்சணமாக இருக்கும், கம்பெனி பெயரும் மறையாது. மீசை முள் சாம்பிளையும் அப்படித்தான் நிறுத்தி மேனேஜர் மேசையில் வைத்தார்கள். அந்த நேரத்தில் மீசை என்னமோ ராஜகம்பீரம்தான். "ஒரு நாள் கையில கட்டிப் பாருங்க சார்" என்று கெஞ்சினேன்.

"பாத்தாலே தெரியுதே! கட்டி வேற பாக்கணுமா?" என்று சிரித்தார். அப்படியே ஓகே ஆனது.

முதல் வாட்ச்சை வாங்கியவர் கொள்ளேகாலில் பட்டுக் கடை வைத்திருந்த ரசிகர். மறு வாரமே தேவராஜ மொஹல்லாவில் இருந்த எங்கள் ஷோரூமுக்கு வந்து, அதைக் கவுண்ட்டரில் வைத்தார். மேனேஜர் என்னையும் வரவழைத்திருந்தார்.

"ஏனுங் அம்மிணி, காலைல பத்து மணிக்கு எங்கண்ணன் சிங்கமாட்டம் இருக்கறாருங்க. பன்னெண்டுக்கு மீசை ரெண்டும் மூக்குக்குள்ள பூந்துருதுங்க. ராத்திரி எட்டு இருவதுக்குத் தொங்கிப்போயி அழுவறாருங்க! பாக்கறவங்கெல்லாம் சிரிக்கறாங்க."

மேனேஜர் விரல் என் பக்கம் நீண்டது. "டிசைன் இவங்களோடது சார். சின்னப் பொண்ணு, அனுபவம் பத்தல."

எனக்கு ரத்தம் கொதித்தது. "என் டிசைன்ல முள்ளே இல்லைங்க. மீசையை முள்ளாக்குனது இவரு!" என்று ஷோரூம் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.

அவர் முகம் சுண்டியது. ஆனாலும் ஆள் அடங்கினாரா? கிரவுனை இழுத்து, முள்ளைப் பத்து பத்துக்குத் திருப்பி, பட்டுக் கடைக்காரரிடம் நீட்டினார். "இப்படியே நிறுத்திக் கட்டிக்கோங்க சார். இந்த மாதிரி வாட்ச்ல யாரு டைம் பாக்கறாங்க? சொல்ப அட்ஜஸ்ட் மாடி."

கடைக்காரர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "நின்னுபோன கடியாரம் ஊட்டுக்கே ஆகாதும்பாங்க. எங்கண்ணன் மொகத்தயே நிறுத்தி என்ற கையில கட்டச் சொல்றியாய்யா? அவரு நூறு வருசம் இருக்கோணும்!"

வாட்ச்சை அங்கேயே விட்டுவிட்டு வெளியேறினார். அதன்பின் ரசிகர் மன்றத்தார் ஒருவர்கூட வாங்க வரவில்லை. மாடல் முடிந்தது. மேனேஜர் பதவி உயர்வோடு பம்பாய் போனார். எனக்குப் பூப்போட்ட டயல் செக்‌ஷன். நான் முதலில் தங்கத்தில் செய்து வைத்திருந்த டிஸ்க் சாம்பிளை உருக்க அனுப்பிவிட்டார்கள், தங்கம் வீணாகக் கூடாதாம்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளே, நிறுத்திய சாம்பிளை எவர் மேசையிலும் வைக்காதீர்கள். ஓடவிட்டு, ஓகே சொல்கிறவர் கையிலேயே கட்டிவிடுங்கள். சாயங்காலம் வரை அவிழ்க்க விடாதீர்கள். கத்தினால் கத்தட்டும்.