பீட்ரூட் டப்பா

எங்கள் வீட்டில் காகிதம் என்று எது வந்தாலும் படித்துச் சொல்வது நான்தான். மின்சார வாரியக் கடிதம், அப்பாவின் சர்க்கரை ரிப்போர்ட், எல்லாம் என் கைக்கு வரும். குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதில் எனக்குக் கர்வம் உண்டு, மறைப்பதில்லை.

மூன்றாம் மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையின் முடிவையும் நானே படித்தேன். குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்க நூற்றுத் தொண்ணூறில் ஒரு வாய்ப்பு. அதிக அபாயம் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது.

"இது முடிவு இல்லம்மா, கணக்குதான். இன்னொரு ரத்த டெஸ்ட் பாத்துடலாம்" என்றார் முகப்பேர் டாக்டர். அதற்கும் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். முடிவு வர இரண்டு வாரம் ஆகலாம்.

கரையான்சாவடியிலிருந்து அம்மா போன் செய்தாள்.

"இன்னாடி போட்டுகீது? கொயந்த நல்லாகீதா இல்லியா?"

"நல்லா இருக்கலாம்மா. இல்லாமலும் இருக்கலாம்."

"இருக்கலாம்னு சொல்றதுக்கு எதுக்குடி ரத்தம் எடுத்தாங்க? அத நானே சொல்லியிருப்பேனே!"

குரோமோசோம் என்று ஆரம்பித்தேன். பாதியிலேயே அலுத்துவிட்டது. அம்பத்தூர் ஆபீஸிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருந்தேன்.

"ரத்தத்துல ஏதோ சரியில்லம்மா, அவ்ளோதான்."

எங்கள் தெருவில் ரத்தம் சரியில்லை என்றால் ரத்தம் கம்மி. வேறு அர்த்தம் கிடையாது. மறுநாள் மாலை அம்மா பஸ் ஏறி வந்துவிட்டாள், டப்பா நிறைய பீட்ரூட் பொரியலோடு. அதற்கு அடுத்த நாளும் வந்தாள், பிறகு தினமும்.

"துன்னு. ரத்தம் ஊறட்டும்."

யாரையும் திருத்தாமல் விடுகிற ஆள் இல்லை நான். ஆனால் அந்த நாட்களில் பீட்ரூட்டை மென்று விழுங்கத்தான் முடிந்தது. இந்த முடிவும் மோசமாக வந்தால், வயிற்றில் ஊசி போட்டுப் பனிக்குட நீர் எடுப்பார்கள். அதிலும் அப்படியே வந்தால், குழந்தை வேண்டுமா என்று எங்களைத்தான் கேட்பார்கள். நானும் கணவரும் அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசினோம்.

ஆபீஸில் இருக்கும்போது டாக்டரே கூப்பிட்டார். "வாய்ப்பு ரொம்பக் குறைவுன்னு வந்திருக்கு. இதுவும் நூறு சதவீதம் இல்லம்மா, ஆனா இனிமே ஊசி தேவையில்ல."

மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷம் என்று சொல்ல முடியாது. தூக்கம்தான் வந்தது. அம்மாவைக் கூப்பிட்டேன்.

"நல்லா இருக்கும்மா."

"இருக்கலாமா, இருக்குதா?"

"இருக்குது."

"பின்ன! சொம்மாவா ஆக்கிப் போட்டேன்?" சிரித்தாள். பிறகு குரல் இறங்கியது. "அப்போ இன்னிக்கி வரவேணாமா?"

"வாம்மா" என்றேன். "டப்பாவும் எடுத்துட்டு வா."