ஹவ்வா வெள்ளையடித்த சுவர்

மாரி முடிந்து வெள்ளம் வற்றினால் ஹவ்வாவின் முன்னறைச் சுவரில் மண்ணிறமாய் ஒரு கோடு நிற்கும். சில வருடம் முழங்கால் உயரத்தில், சில வருடம் அதற்கும் மேலே. நோன்பு பிறப்பதற்கு முன் சுண்ணாம்பு கரைத்து அதை மூடிவிடுவாள். ஆள் வரும் வீட்டில் சுவர் அழுக்காக இருந்தால் அவளுக்குச் சோறு இறங்காது. கையில் ஒன்றுமில்லாத காலத்திலும் சுண்ணாம்புக்கு மட்டும் எங்காவது வழி பார்த்துவிடுவாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்தபோது அவள் சிறுமி. புத்தளத்தில், களப்பு என்ற உப்பங்கழியின் ஓரத்தில், ஒரு தென்னந்தோட்டத்துக்காரர் இருக்க இடம் கொடுத்தார். நல்ல மனிதர்தான். ஆனால் தென்னை பிடிக்காத பள்ளக் காணியைத்தான் கொடுத்தார். கடைசியாக வருபவனுக்குப் பள்ளம் கிடைப்பது உலகத்து வழக்கம். அதை யாரும் சட்டமாக எழுதவில்லை, எழுதத் தேவையும் இருக்கவில்லை. தென்னோலைக் கிடுகுக் கொட்டில்கள் காலப்போக்கில் கல் வீடுகளாயின. பள்ளம் பள்ளமாகவே இருந்தது.

அப்போதெல்லாம் மழைத் தண்ணீர் நின்றாலும் இரண்டொரு நாளில் களப்புக்கு ஓடிவிடும். பிறகு களப்பையொட்டிய உள்வீதியை ஆளுயரத்துக்கு உயர்த்தித் தார் போட்டார்கள். தண்ணீர் கடந்துபோக வீதியின் கீழே இருந்த பழைய மதகு அதன் அடியில் மண்ணோடு மண்ணாய்ப் போயிற்று. அதன்பின் வந்த மழை வீதிக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டது. மலசலகூடக் குழிகள் நிரம்பி அதுவும் அந்தத் தண்ணீரில் கலந்தது. வீதியில் போகிறவர்கள் வாகனத்தை நிறுத்தித் தண்ணீர் நடுவில் தெரியும் கூரைகளைப் படமெடுத்தார்கள்.

ஹவ்வாவின் கணவன் லத்தீப் உப்பளத்தில் வேலை செய்தவன். உப்புத் தண்ணீர் வெடிக்க வைத்த இடது பாதத்தில், நீரிழிவு என்ற சீனி வருத்தமும் சேர்ந்து, ஆறாத புண் ஒன்று இருந்தது. ஆஸ்பத்திரியில் டொக்டர் மறைக்காமல் சொன்னார்.

"அந்த வெள்ளத் தண்ணி இன்னொருக்கா இந்தப் புண்ணில பட்டா, காலை எடுக்க வேண்டி வரும்."

அதனால் ஹவ்வாவுக்கு வேண்டியது ஒரேயொரு மதகு. வீதிக்குக் குறுக்கே, வீட்டுக்குக் கிட்டே, அடுத்த மாரிக்கு முன்.

அந்த வைகாசியில் நல்ல செய்தி வந்தது. வெள்ளத் தணிப்புத் திட்டமொன்றில் உள்வீதிக்கு ஒரு மதகு வைக்கப் போகிறார்கள். ஒன்றுதான். அது இவர்களுடைய குடியேற்றத்துக்கா, வடக்கே இருக்கும் மீன்பிடிக் கொலனிக்கா என்பதை வீடு வீடாகப் பார்த்துத் தீர்மானிப்பார்களாம். மாதர் சங்கத் தலைவி என்பதால் ஹவ்வாவின் வீட்டில்தான் முதலில் இறங்குவார்கள் என்று திட்ட அலுவலகத்துப் பையன் நிலுக்சன் சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாளே அவள் சுண்ணாம்பு கரைத்தாள். அந்த வருடக் கோடு சுவரில் அப்படியே இருந்தது. கட்டிக்கொடுத்த மகள் நோயில் கிடந்ததால் நோன்புக்கு முன் வெள்ளையடிக்க முடிந்திருக்கவில்லை. கோட்டின் மேல் ஒன்றுக்கு இரண்டு பூச்சுப் பூசினாள். பக்கத்து வீட்டு ஸக்கியாவிடம் கதிரைகளும் பூப்போட்ட கோப்பைகளும் இரவல் வாங்கினாள். மாரி வெள்ளத்தில் ஊறிப் பழுதான மெத்தையை வீட்டின் பின்னால் ஒளித்தாள்.

"கொலனிப் பக்கம் போய்ப் பாரு ராத்தா," என்றாள் ஸக்கியா. "மாக்கிறட் வீட்டு வாசல்ல மெத்த, துணிமணி எல்லாம் சேறோட குவிஞ்சு கிடக்குது. மாரி முடிஞ்சு இவ்வளவு நாளாகியும் ஒண்டையும் அள்ளல்ல."

"வெக்கமில்லையா அவளுக்கு? ஆள் வாற நேரம்!"

லத்தீபுக்கு வெள்ளைச் சட்டை உடுத்திக் கட்டிலில் இருத்தினாள். புண்ணின் வாடை தெரியாமல் சாம்பிராணி புகைத்தாள். காலின் மேல் பெருநாள் போர்வையை விரித்தாள்.

"என்ன புள்ள, திரும்பவும் மாப்பிள்ள ஆக்கிறியா?" என்றான் அவன்.

"வாயப் பொத்திக்கொண்டு இருங்க மச்சான். கொழும்பால வாறாங்க."

கொழும்பிலிருந்து வந்த அம்மையாருக்குத் தமிழ் தெரியாது. நிலுக்சன் மொழிபெயர்த்தான். அம்மையார் நல்ல மனுசி, செருப்பை வாசலில் கழற்றிவிட்டே உள்ளே வந்தாள். ஹவ்வா இனிப்பாகச் செய்து வைத்த வட்டிலப்பத்தை மறுக்காமல் சாப்பிட்டாள்.

"எப்படி இருக்கிறீங்க என்டு மிஸ் கேக்கிறா."

"அல்ஹம்துலில்லாஹ், ஒரு குறையும் இல்ல."

இந்த ஊரில் அந்தக் கேள்விக்கு வேறு பதில் கிடையாது. வயிற்றில் நெருப்பெரிந்தாலும் முதலில் படைத்தவனைப் புகழ வேண்டும், குறையைப் பிறகு பார்க்கலாம். கேட்கிறவர் ஊர்க்காரராக இருந்தால் அந்தப் புகழ்ச்சியை வாங்கிக்கொண்டு, "சரி, இப்ப கதையச் சொல்லு" என்பார். வந்தவர்கள் ஊர்க்காரர் அல்ல. முதல் பதிலோடு அவர்களுக்குப் போதுமாகிவிட்டது.

"வெள்ளம் வந்தா என்ன செய்வீங்க?"

ஹவ்வா எழுந்து செய்தே காட்டினாள். கட்டில் காலுக்குச் சீமெந்துக் கல் வைப்பது, அலுமாரியைக் கயிற்றால் மேலே ஏற்றுவது, கோழிகளைப் பரணில் விடுவது, அடுப்பை மேசையில் வைத்துச் சமைப்பது. விருந்தாளிகள் வியந்ததைப் பார்க்க அவளுக்கும் உற்சாகம் வந்தது. லத்தீபும் தன் பங்குக்கு, "எங்கட வீட்டுல கோழியெல்லாம் மேல்மாடியில" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அம்மையார் கட்டில் கற்களைக் குனிந்து பார்த்துப் படமெடுத்தாள்.

"ஐயாட காலுக்கு என்ன?"

"சின்னப் புண்தான் தம்பி. அல்ஹம்துலில்லாஹ், இப்ப பரவாயில்ல" என்றான் லத்தீப். விருந்தாளி முன்னால் போர்வையை விலக்கிப் புண்ணைக் காட்டுவது மரியாதையா?

ஹவ்வா கடைசியில் மதகைப் பற்றிச் சொல்லத்தான் செய்தாள். வாசலில் வழியனுப்பும்போது, மெதுவாக, "உங்களுக்கு இயலுமெண்டா" என்று தொடங்கி. நிலுக்சன் அதையும் சிங்களத்தில் சொன்னான். அம்மையார் தலையசைத்து அவள் கையைப் பிடித்தாள். அதை ஹவ்வா வாக்குறுதி என்று எடுத்துக்கொண்டாள்.

ஆவணியில் நிலுக்சன் மட்டும் வந்தான். கதிரையில் உட்காரவில்லை.

"மதகு கொலனிக்குத்தான் அக்கா. அங்க சனம் ஒன்டுக்கும் வழியில்லாம இருக்குது. உங்கட ஊரை மிஸ் நல்லாப் புகழ்ந்திருக்கிறா. மீண்டெழும் திறன் கூடின இடமாம். நீங்க சமாளிப்பீங்களாம்."

"நாங்க சமாளிக்காம என்ன தம்பி செய்யிற? செத்தா போற?"

"அத அண்டைக்குச் சொல்லியிருக்கலாமே அக்கா."

எல்லாத் திட்டங்களிலும் இந்தக் கணக்கு எங்காவது ஒளிந்திருக்கிறது. எவன் சத்தமில்லாமல் தாங்குகிறானோ அவனைத் தாங்க வேறு யாரும் தேவையில்லை என்று வைத்துக்கொள்கிறார்கள். பொறுமைக்கு மறுமையில் கூலி உண்டு என்று நம்பியவளுக்கு இம்மையில் அது குற்றமாகப் பதிவாயிற்று.

கொலனி மாக்கிறட் ஒருநாள் மீன் விற்க வந்தபோது கூடையை இறக்காமலே நின்றாள்.

"ராத்தா, கோவிக்காதீங்க. நான் உங்கட மதகைப் பறிக்கல்ல. நான் சேத்த அள்ளாம விட்டேன், அவ்வளவுதான். அள்ளினா ஆர் நம்புற?"

"நீ புத்திசாலி. எனக்குத்தான் சுத்தம் கூடிப்போச்சு," என்றாள் ஹவ்வா. அன்று மீன் வாங்கவில்லை.

கார்த்திகையில் வானம் கொட்டியது. கொலனித் தண்ணீர் புது மதகால் இரைந்து ஓடியது. அந்த இரைச்சல் இவள் வீட்டுக்கும் கேட்டது. நடுவில் கொலனிக்காரர் போட்ட மண்பாதை மேடாகக் கிடந்ததால் இவர்களின் தண்ணீர் அந்த மதகுக்குப் போகவில்லை. கட்டிலைக் கற்களில் ஏற்றி லத்தீபை அதில் இருத்திவிட்டு, சாமான்களைப் பள்ளிவாசலுக்குச் சுமந்தாள். அவன் கட்டிலிலேயே இருந்திருக்கலாம். ஆனால் அவசரத்துக்குப் போக மனிதன் இறங்கத்தானே வேண்டும்? கட்டிலில் கழிக்க வெட்கப்பட்டு, அவள் இல்லாத நேரம் பார்த்து இறங்கினான். தண்ணீர் அப்போது அவனுக்கு முழங்காலுக்குத்தான் வந்தது, பிறகுதான் நெஞ்சளவுக்கு ஏறியது.

புத்தளம் ஆஸ்பத்திரியில் காலை எடுத்தார்கள். முழங்காலுக்குக் கீழே.

"இனி ஒரு செருப்பு மிச்சம்" என்று பார்க்க வந்தவர்களிடம் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை. ஹவ்வா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தை பிறந்தும் தண்ணீர் முழுதாக வற்றவில்லை. வாசல் மண் ஊறிக் கிடந்தது. அப்போதுதான் வாகனம் திரும்பவும் வந்தது. அதே அம்மையார், நிலுக்சன், கமராவோடு இன்னொருவர். முன்மாதிரிக் குடும்பங்களைப் பற்றிப் புத்தகம் போடுகிறார்களாம்.

இம்முறை சுவரில் கோடு இருந்தது. நெஞ்சளவில், அகலமாய், சேறு உரிந்து உரிந்து. மெத்தை வாசலிலேயே கிடந்தது. கதிரை இரவல் வாங்கப்படவில்லை. லத்தீப் கட்டிலில் மடித்த சாரனோடு இருந்தான். மேலே போர்வை இல்லை.

அம்மையார் அவன் காலிருந்த இடத்தைப் பார்த்தாள், பிறகு வேறெங்கோ பார்த்தாள். அவள் கண் கலங்கியது உண்மை. கமராக்காரர் நிலுக்சனிடம் ஏதோ மெல்லச் சொன்னார்.

"அக்கா, இந்தச் சுவர் படத்துல சரிவராதாம். ஸக்கியாக்கா வீட்டுச் சுவர் வெள்ளையடிச்சுத் துப்பரவா இருக்குதாம். அங்க வந்து கட்டிலுக்குக் கல்லு வைக்கிறத ஒருக்கா செய்து காட்டுவீங்களா?"

ஹவ்வா அவனிடம் திரும்பினாள்.

"எங்களுக்கு மதகு வந்திட்டுதா தம்பி?"

"இன்னும் இல்ல அக்கா."

"அப்ப நான் வரல்ல. மிஸ்ஸிட்ட சொல்லுங்க, என்னால சமாளிக்க ஏலாது எண்டு. அப்படியே சொல்லுங்க, கூட்டிக் குறைக்காம."

அவன் சொன்னான். எவ்வளவு சொன்னானோ தெரியாது. அவர்கள் புறப்பட்டுப் போனார்கள்.

"என்ன புள்ள இது," என்றான் லத்தீப், வாகனம் திரும்பும் சத்தம் கேட்டபோது. "வந்த சனத்துக்கு ஒரு வாய் தேத்தண்ணி குடுக்கல்ல. கேத்தல் கொதிச்சுக்கொண்டு கிடக்குது."

கேத்தலை அவள்தான் வைத்திருந்தாள், வாகனத்தைக் கண்டதும், கை தன் பாட்டுக்கு. அவளுடைய வீட்டிலிருந்து விருந்தாளி வாய் நனைக்காமல் போனது அதுவே முதல் தடவை. அடுப்பிலிருந்து அதைத் தூக்கிக்கொண்டுபோய் வாசலில் கவிழ்த்தாள். ஊறிய மண் அதையும் குடிக்கவில்லை. கொதித்த தண்ணீர் ஆவி பறக்க, போக வழியின்றி, படிக்கட்டடியிலேயே நின்றது.